எதிரெதிர்த் திசைகளில் இரண்டு கோபுரங்கள், நடுவில் ஒரு வீடு

காங்கேயத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த எனக்கு, ஆன்டெனாவைப் பற்றி இனி யாரும் கேட்கப்போவதில்லை என்றே தோன்றியிருந்தது. கேபிள் வந்தது, பிறகு டிஷ் வந்தது, தூர்தர்ஷனும் தன் தரைவழி அனலாக் ஒளிபரப்பைப் படிப்படியாக நிறுத்திக்கொண்டது. நான் ஊர் ஊராகப் போய் நட்டுவைத்த ஜி.ஐ. பைப்புகளில் பாதி இன்று துணி காயவைக்கும் கம்பி கட்டவும், மீதி பந்தல்காலாகவும் பயன்படுகின்றன. அப்படியிருக்க, அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துக் கொலம்பியா நகரில் வசிக்கும் என் மகள் ஒருநாள் வீடியோ அழைப்பில், "அப்பா, இங்க ரெண்டு ஊரு டி.வி.யும் வேணுமுங்க. ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு தெரியறதில்லீங்க. எந்த ஆன்டெனா வாங்கறதுன்னு சொல்லுங்க" என்று கேட்டாள். அடுத்த கோடையில் நாங்கள் அங்கே போய்த் தங்கியபோதுதான் அந்தக் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்ல முடிந்தது. நம் பக்கத்திலிருந்து பிள்ளைகளை அங்கே அனுப்பியிருப்பவர்கள் இன்று பலர் இருப்பதால், பார்த்ததையும் செய்ததையும் சற்று விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

அங்கே தரைவழி ஒளிபரப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. முழுத்திறன் நிலையங்கள் அனைத்தும் 2009 ஜூன் 12 முதல் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. ஆன்டெனா ஒன்று இருந்தால் மாதச் சந்தா எதுவும் இல்லாமல் மிகத் தெளிவான படம் கிடைக்கும். கொலம்பியா நகரமோ பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பால்டிமோரின் ஒளிபரப்புக் கோபுரங்கள் அங்கிருந்து ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவில் வடகிழக்கிலும், வாஷிங்டனின் கோபுரங்கள் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் தொலைவில் தென்மேற்கிலும் இருக்கின்றன. இரண்டு திசைகளுக்கும் இடையிலான கோணம் 160 பாகையைத் தாண்டுகிறது. அதாவது ஒன்றைப் பார்த்து நின்றால் மற்றொன்று கிட்டத்தட்ட முதுகுக்கு நேர் பின்னால் இருக்கும். மகள் வேலைக்குப் போவது பால்டிமோர் பக்கம், மாப்பிள்ளை போவது வாஷிங்டன் பக்கம். பனிக்காலத்தில் எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது, எந்தப் பள்ளிக்கு விடுமுறை என்பதை அந்தந்த ஊர் நிலையம்தான் சொல்லும் என்பதால், இரண்டையும் விட முடியாது என்பது அவர்களுடைய நிலை.

இந்த இடத்தில் சிவன்மலை அடிவாரத்துத் தோட்டத்து வீடு ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதிக்குப் படம் வந்ததெல்லாம் கொடைக்கானல் கோபுரத்திலிருந்துதான். காங்கேயத்திலிருந்து அது நேர் தெற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர். மலை உச்சியில் கோபுரம் இருந்ததால் அவ்வளவு தூரத்துக்கும் அலை வந்தது. நாங்களும் இருபதடி, முப்பதடிப் பைப்பின் மேல், மீன்முள் போலக் கம்பிகள் வரிசையாக நிற்கும் யாகி ஆன்டெனாவை மாட்டி, முகத்தைத் தெற்கே திருப்பி, மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுவோம். ஓர் ஆடி மாதம் அந்தத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. படம் தெரிகிறது, ஆனால் ஒவ்வோர் உருவத்துக்கும் வலப்பக்கம் இரண்டு விரல் தள்ளி இன்னொரு மங்கலான உருவம் நிற்கிறது என்றார்கள். மேலே ஏறிப் பார்த்தால், அம்மியை நகர்த்துவதாகச் சொல்லப்படும் அந்தக் காற்று, ஆன்டெனாவின் பின்கோடியில் இருந்த நீளமான கம்பியைக் கழற்றிக் கீழே போட்டிருந்தது. அந்தக் கம்பிக்குத்தான் ரிஃப்ளெக்டர் என்று பெயர்.

அந்த வீட்டுக்கு வடக்கே அரைக் கிலோமீட்டரில் சிவன்மலை. தெற்கிலிருந்து வரும் அலை வீட்டைத் தாண்டிப் போய்ப் பாறையில் மோதித் திரும்பி வரும்போது ஒரு கிலோமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. அதற்கு 3.3 மைக்ரோ வினாடி ஆகும். பழைய டி.வி.யில் ஒரு வரியை இடமிருந்து வலமாகத் திரையில் வரைய ஏறத்தாழ 52 மைக்ரோ வினாடி ஆகும் என்பதால், இருபது அங்குலப் பெட்டியில் அந்த எதிரொலி உருவம் இரண்டரை சென்டிமீட்டர் வலப்பக்கம் விழும். அவர்கள் இரண்டு விரல் என்று சொன்னது அந்தக் கணக்கோடு அப்படியே பொருந்தியது. புதிய கம்பி ஒன்றை அளந்து வெட்டி மாட்டியதும் நிழல் மறைந்துவிட்டது. பின்பக்கம் வரும் அலையை ஆன்டெனா கேட்காமல் இருக்கச் செய்வது அந்த ஒற்றைக் கம்பிதான் என்பதை அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேன்.

ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் உடா, யாகி ஆகிய இருவரும் 1926இல் வெளியிட்ட அமைப்பு இது. நடுவில் அலையை வாங்கும் டைபோல், அதற்குப் பின்னால் சற்று நீளமான ரிஃப்ளெக்டர், முன்னால் சற்றுக் குட்டையான டைரக்டர் கம்பிகள். முன்பக்கத்தை உற்றுக் கேட்பதற்காகப் பின்பக்கத்தைச் செவிடாக்கிக்கொள்ளும் கருவி என்று இதைச் சொல்லலாம். நல்ல யாகியில் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேறுபாடு 20 டெசிபல் வரை போகும். அதாவது பின்னாலிருந்து வரும் அலையில் நூறில் ஒரு பங்குதான் கம்பிக்குள் போகும். எங்களுக்கு ஒரே ஒரு கோபுரம் இருந்ததால் அந்தச் செவிடு பெரிய வரமாக இருந்தது. கொலம்பியாவிலோ அதுவே குறையாகிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை இரண்டு முயற்சிகளை முடித்திருந்தார். முதலாவது, சன்னல் கண்ணாடியில் ஒட்டும் காகிதம் போன்ற தட்டை ஆன்டெனா. அது சில நிலையங்களைத் தந்தது, ஆனால் இரண்டு ஊர்களிலும் முக்கியமான நிலையங்களே வரவில்லை. காரணம் திசை அல்ல, அளவு. அங்கே டி.வி.யில் தெரியும் எண் வேறு, உண்மையில் ஒளிபரப்பாகும் அலைவரிசை எண் வேறு. பால்டிமோரில் 2 என்று திரையில் காட்டும் நிலையம் உண்மையில் 27ஆம் அலைவரிசையில் வருகிறது. 11 என்று காட்டுவது 12இலும், 13 என்று காட்டுவது 11இலும் வருகின்றன. வாஷிங்டனில் 7, 9 ஆகிய இரண்டும் சொன்ன எண்ணிலேயே வருகின்றன. ஆக, 7, 9, 11, 12 என்று நான்கு பெரிய நிலையங்கள் வி.எச்.எஃப். எனப்படும் நீளமான அலைகளின் மேல்பகுதியில், 174 முதல் 216 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன. அந்த அலைகளின் பாதி நீளம் ஏறத்தாழ முக்கால் மீட்டர். ஒரு முழ அகலம்கூட இல்லாத தட்டைக்கு அதைப் பிடிக்கும் திறன் மிகக் குறைவு. யு.எச்.எஃப். எனப்படும் குட்டையான அலைகளுக்குப் பாதி நீளம் ஒரு சாண் கூடுதல் குறைவு என்பதால் அவை மட்டும் வந்தன. ஆன்டெனா வாங்குவதற்கு முன்னால் திசையைக் கேட்பதைவிட உண்மையான அலைவரிசை எண்ணைக் கேட்பது முதல் வேலை என்று நான் சொல்வது இதனால்தான். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் இணையதளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தால், எந்த நிலையம் எந்தத் திசையில், எந்த உண்மையான எண்ணில், எவ்வளவு வலுவாக வருகிறது என்று காட்டிவிடுகிறது.

இரண்டாவது முயற்சிதான் பலரும் செய்வது. வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். இரண்டையும் வாங்கும் ஒரே மாதிரியான இரண்டு ஆன்டெனாக்களை வாங்கி, ஒன்றைப் பால்டிமோரைப் பார்க்கவும் மற்றொன்றை வாஷிங்டனைப் பார்க்கவும் பரணில் கட்டி, இரண்டு கேபிளையும் ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரைத் திருப்பிப் போட்டு ஒன்றாக்கி டி.வி.க்குக் கொண்டுவந்திருந்தார். "மாமா, ரெண்டுக்கும் நல்ல காசு குடுத்துத்தானுங்க வாங்கினேன். பால்டிமோர்ல 27 மட்டும் கட்டம் கட்டமா உடையுதுங்க" என்றார். அனலாக் காலத்தில் அலை குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை குறையே இல்லாத படம், அந்த எல்லைக்குக் கீழே போனால் சதுரம் சதுரமாகச் சிதறி, பிறகு ஒன்றுமே இல்லை.

நான் பரணில் ஏறினேன். அங்கே வீடுகளின் பரணில் தளம் கிடையாது. மரச் சட்டங்களின் மேல் மட்டும் கால் வைக்க வேண்டும், நடுவில் வைத்தால் கீழறையின் கூரை அட்டை உடைந்துவிடும். வாஷிங்டன் ஆன்டெனாவின் கேபிளை ஸ்பிளிட்டரிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப தெரியுதா கண்ணு?" என்று குரல் கொடுத்தேன். "தெரியுதுங்கப்பா, 27 நல்லா வந்துருச்சு" என்று மகள் கீழிருந்து சொன்னாள். திரும்ப மாட்டினேன், போய்விட்டது. தோட்டத்து வீட்டுத் திண்ணையிலிருந்து ஆள் கத்த நான் பைப்பைத் திருப்பிய காலத்துக்கும் அந்த நிமிடத்துக்கும் எந்த வேறுபாடும் இல்லை.

நடந்தது இதுதான். பால்டிமோரின் 27ஆம் அலை, பால்டிமோரைப் பார்க்கும் ஆன்டெனாவில் நேராக நுழைகிறது. அதே அலை, வாஷிங்டனைப் பார்க்கும் ஆன்டெனாவிலும் பின்வழியாகக் கொஞ்சம் நுழைகிறது. மலிவான ஆன்டெனாக்களின் பின்பக்கம் அவ்வளவு செவிடாக இருப்பதில்லை. இரண்டும் ஒரே கம்பியில் சந்திக்கும்போது, ஒன்று வந்த வழி மற்றதைவிட அரை அலை நீளம் கூடுதலாக இருந்தால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து வலுவைக் குறைத்துவிடும். 27ஆம் அலைவரிசை 548 முதல் 554 மெகாஹெர்ட்ஸ் வரை இருப்பது. அதன் அரை அலை நீளம் வெறும் 27 சென்டிமீட்டர். இரண்டு ஆன்டெனாவுக்கும் இடையிலான தூரம், கேபிள்களின் நீள வேறுபாடு, கட்டிய கோணம் எல்லாம் சேர்ந்து எந்த அலைவரிசை அடிபடும் என்று தீர்மானிக்கின்றன. கேபிளை ஒரு சாண் வெட்டினால் 27 வந்துவிடும், வேறொன்று போய்விடும். இதற்கு மேல், ஸ்பிளிட்டரைத் திருப்பிப் போட்டு இணைக்கும்போது ஒவ்வோர் ஆன்டெனாவும் பிடித்ததில் பாதிக்கு மேல் அங்கேயே வீணாகிறது, 3.5 டெசிபல் என்பது அதன் வழக்கமான கணக்கு.

ஆகவே என் முடிவு இது: அலைவரிசைப் பகுதிகளை ஒரே கம்பியில் கலக்கலாம், திசைகளைக் கலக்கக் கூடாது. வி.எச்.எஃப். ஆன்டெனா ஒன்றையும் யு.எச்.எஃப். ஆன்டெனா ஒன்றையும் அதற்கென்று விற்கும் இணைப்பான் வழியாகச் சேர்த்தால் எந்தச் சேதமும் இல்லை. ஏனென்றால் உள்ளே இருக்கும் வடிகட்டி ஒன்றில் 216 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை மட்டும் விடுகிறது, மற்றதில் 470க்கு மேல் இருப்பதை மட்டும் விடுகிறது, ஒன்றின் அலை மற்றதன் வழியில் நுழைவதே இல்லை. ஒரே பகுதியை வாங்கும் இரண்டு ஆன்டெனாக்களை வெவ்வேறு திசையில் நிறுத்திச் சேர்ப்பதுதான் சிக்கல். சில வீடுகளில் அதிர்ஷ்டவசமாக வேலை செய்துவிடுவதும் உண்டு, அப்படி வேலை செய்தால் தொடாமல் விட்டுவிடலாம். ஆனால் அதை நம்பி ஒருவரைக் காசு செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

பிறகு என்ன செய்தோம் என்றால், மாப்பிள்ளையின் இரண்டு ஆன்டெனாக்களையும் இறக்கிவிட்டு, பட்டாம்பூச்சிச் சிறகு போல நான்கு ஜோடிக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த யு.எச்.எஃப். ஆன்டெனா ஒன்றை வாங்கினோம். அதற்குப் பின்னால் வலைத்தட்டி போல ஒரு ரிஃப்ளெக்டர் வரும். அதை நான்கு திருகாணிகளைக் கழற்றி எடுத்துவிட்டேன். தோட்டத்து வீட்டில் காற்று கழற்றியதைத் திரும்ப மாட்டிய அதே கை, இங்கே வேண்டுமென்றே கழற்றியது. ரிஃப்ளெக்டர் இல்லாவிட்டால் அந்த ஆன்டெனா முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும். பக்கவாட்டில் மட்டும் செவிடு. முன்பக்கத் திறன் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது உண்மை, ஆனால் 23, 33 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வரும் வலுவான அலைக்கு அந்தப் பாதி போதும். அதன் பக்கத்தில் வி.எச்.எஃப். நிலையங்களுக்காக 73 சென்டிமீட்டர் நீளத்தில் ஒற்றை டைபோல். டைபோலின் கேட்கும் வடிவம் இயல்பிலேயே எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்தது போல, இரண்டு பக்கமும் வயிறு பெருத்து, இரண்டு முனைகளிலும் ஒடுங்கியிருக்கும். இரண்டையும் நான் மேலே சொன்ன இணைப்பானில் சேர்த்து, ஒரே கேபிளைக் கீழே இறக்கினோம்.

இரண்டு திசைகளும் நேர் எதிராக இல்லாமல் சற்று வளைந்திருக்கின்றனவே என்று மாப்பிள்ளை கவலைப்பட்டார். இரண்டுக்கும் பொதுவான நடுக்கோட்டைப் பார்த்து நிறுத்தினால் ஒவ்வொன்றிலிருந்தும் எட்டுப் பாகைதான் விலகல். இந்த வகை ஆன்டெனாக்கள் இருபுறமும் இருபது, முப்பது பாகை வரை தாராளமாகக் கேட்பவை என்பதால் அது ஒரு பொருட்டே அல்ல. உண்மையான தொல்லை வேறிடத்தில் இருந்தது. பரணில் குளிர்காற்றுக் குழாய் ஒன்று தகரத்தில் போயிற்று, ஆன்டெனாவுக்கும் பால்டிமோருக்கும் நடுவில். ஆன்டெனா அலையிலிருந்து நிலையத்தைப் பிரித்தெடுத்து, அதன் தரத்தை மீட்டரில் காட்டும் ட்யூனரில் 27ஆம் நிலையத்தின் தரம் 61 என்று நின்றது. ஆன்டெனாவைத் தூக்கி, இரண்டு சட்டம் தாண்டி, ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தெற்கே வைத்தோம். 88. பரணுக்குள் ஒரு கை தூரம் என்ன மாற்றிவிடப்போகிறது என்று நினைப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும். கூரையின் உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டிய வீடாக இருந்தால் பரணை மறந்துவிட்டு வெளியே போவதுதான் வழி. குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்தார் வெளியே வைக்கக் கூடாது என்றால் அஞ்ச வேண்டியதில்லை. ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு உரிய இடத்தில் டி.வி. ஆன்டெனா வைப்பதைச் சங்கங்கள் தடுக்கக் கூடாது என்ற மத்திய விதி 1996 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது.

பூஸ்டர் எதுவும் போடவில்லை. நம் ஊரில் படம் சரியில்லை என்றாலே பூஸ்டர் போடுங்கள் என்பார்கள்; நானும் நிறைய விற்றிருக்கிறேன். ஆனால் பூஸ்டர் அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், தன் பங்குக்கும் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கும். நீண்ட கேபிளில் ஏற்படும் இழப்பை முன்கூட்டியே ஈடுகட்டுவதுதான் அதன் உண்மையான வேலை. பதினைந்து மீட்டர் நல்ல ஆர்.ஜி.6 கேபிளில் மூன்று டெசிபல்கூடப் போகாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. கோபுரம் பக்கத்தில் இருந்தால் அது திணறி, இருக்கும் படத்தையும் கெடுக்கும்.

மோட்டார் வைத்துத் திருப்பும் ஆன்டெனாவைப் பற்றியும் பேசினோம். ஒரே டி.வி. உள்ள வீட்டுக்கு அது நல்ல வழிதான். இரண்டு அறைகளில் இரண்டு பேர் இரண்டு ஊர் நிலையங்களைப் பார்க்க விரும்பினால் அது உதவாது. எல்லாத் திசையிலும் வாங்கும் வட்டமான ஆன்டெனாவை நான் பரிந்துரைக்கவில்லை. எந்தப் பக்கமும் செவிடாக இல்லாத ஒன்று, எல்லாக் கட்டடங்களின் எதிரொலியையும் சேர்த்தே கொண்டுவரும்.

இவ்வளவும் இரண்டு ஊர்களும் அருகில் இருக்கும் வீட்டுக்குத்தான் பொருந்தும். என் அண்ணன் மகன் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்துக் கெனோஷா என்ற ஊரில், மில்வாக்கிக்கும் சிகாகோவுக்கும் நடுவில். மில்வாக்கி கோபுரங்கள் வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர், சிகாகோ தெற்கே ஏறத்தாழ 80. கொலம்பியாவின் செய்தியைக் கேட்டுவிட்டு, "சித்தப்பா, நானும் அந்தத் தட்டியக் கழட்டிரட்டுங்களா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவ்வளவு தூரத்துக்கு ரிஃப்ளெக்டரும் வேண்டும், நீளமான யாகியும் வேண்டும், ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாக வேண்டும். அவன் இரண்டு யாகிகளை வாங்கி, இரண்டு கேபிளையும் கடைசி வரை சேர்க்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறான். வீட்டு இணைய வலையில் இணையும் ட்யூனர் பெட்டிகள் கிடைக்கின்றன. ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் ஒன்று வைத்தால், டி.வி.யில் இருக்கும் செயலி இரண்டு நிலையப் பட்டியல்களையும் ஒன்றாக்கிக் காட்டிவிடும். அலைகள் கம்பியில் கலக்காமல் பெயர்கள் மட்டும் பட்டியலில் கலக்கின்றன. அந்தச் செலவு வேண்டாம் என்றால் இரண்டு வழிச் சுவிட்ச் ஒன்று போதும். ஆனால் பல டி.வி.க்களில் இரண்டாவது முறை ஸ்கேன் செய்தால் முதல் பட்டியல் அழிந்துவிடும். பழையதை வைத்துக்கொண்டு புதியதைச் சேர்க்கும் வசதி இருக்கிறதா என்று சுவிட்ச் வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியே பைப்பில் கட்டுபவர்களுக்கு எர்த்திங் இல்லாமல் ஒருநாள்கூட விட வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஐப்பசி இடியில் எரிந்துபோன எத்தனையோ பெட்டிகளை என் மேசையில் திறந்து பார்த்திருக்கிறேன்.

அண்ணன் மகன் இரண்டு கேபிள்களின் நுனியிலும் வெள்ளை டேப் ஒட்டி "வடக்கு", "தெற்கு" என்று தமிழில் எழுதிப் படம் அனுப்பியிருந்தான். வடக்கு கேபிளில் மில்வாக்கி நிலையங்கள் எல்லாம் தடையில்லாமல் வருகின்றன. தெற்கில் சிகாகோவின் 12ஆம் அலைவரிசை மட்டும் மாலை நேரத்தில் உடைகிறது. பைப்பை இன்னும் ஐந்தடி உயர்த்த வேண்டும், பனி உருகிய பிறகு ஏறுவதாகச் சொல்லியிருக்கிறான்.